கேட் தேர்வுக்கு டிஸ்கிரீட் மேத்ஸ்: கணக்குப் போட்டுப் பழகும் முறை, முதல் படியிலிருந்து தேர்வு அறை வரை

கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட் தேர்வுக்கு (பொறியியல் முதுநிலைப் படிப்பில் சேர எழுதும் தேசியத் தேர்வு) படிப்பவர்களில் பலர் டிஸ்கிரீட் மேத்ஸில் (தனிநிலைக் கணிதம்) சறுக்குகிறார்கள். பாடம் புரியாததால் இல்லை. வீடியோ பார்க்கிறார்கள், நோட்ஸ் எடுக்கிறார்கள், யாரோ போட்ட விடையை வரிக்கு வரி படித்துவிட்டு "சரி, புரிந்துவிட்டது" என்று அடுத்த கணக்குக்குப் போகிறார்கள். ஆனால் அதே கணக்கை இரண்டு நாள் கழித்து வெள்ளைத்தாளில் போடச் சொன்னால் முதல் வரிக்கே கை நின்றுவிடுகிறது. படித்துப் புரிந்துகொள்வது ஒரு வேலை, தானாகப் போடுவது வேறு வேலை. இந்த வழிகாட்டி முழுக்க இரண்டாவது வேலையைப் பற்றியது.

நான் சொல்லப்போகும் முறை ஒன்றுதான்: எந்தக் கணக்கையும் முதலில் சின்ன எண்ணில் கையால் போட்டுப் பாருங்கள், விடை வந்தபின் வேறொரு வழியில் இன்னொரு முறை போட்டு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இதை எல்லாப் பகுதியிலும் எப்படிச் செய்வது என்று உண்மையான கணக்குகளை வைத்தே காட்டுகிறேன். பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு படித்தால்தான் பயன்.

தேர்வு என்ன கேட்கிறது

கேட் தாளில் 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மார்க். அதில் பொதுத் திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்கு 13, மீதி 72 துறைப் பாடங்களுக்கு. டிஸ்கிரீட் மேத்ஸ் அந்த 13-க்குள் லீனியர் ஆல்ஜீப்ரா, கால்குலஸ், நிகழ்தகவு ஆகியவற்றோடு பங்கு போட்டுக்கொள்கிறது. அதைப் பார்த்து "கொஞ்சம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். டேட்டாபேஸில் வரும் ரிலேஷன், டிஜிட்டல் லாஜிக்கில் வரும் பூலியன் சார்புகள், அல்காரிதத்தில் வரும் ரெக்கரன்ஸ் (முந்தைய உறுப்புகளிலிருந்து அடுத்ததைத் தரும் விதி), ஆட்டோமேட்டாவில் வரும் ஸ்ட்ரிங் எண்ணிக்கை எல்லாமே இதே சரக்குதான். இங்கே கை தேறினால் அங்கேயும் மார்க் ஏறும்.

கேள்விகள் மூன்று வகை. நான்கில் ஒன்றைத் தேர்வது (எம்சிக்யூ), ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடியது (எம்எஸ்க்யூ, 2021 முதல் வந்தது), எண்ணை நாமே தட்டச்சு செய்வது (நாட்). எம்சிக்யூவில் தவறானால் 1 மார்க் கேள்விக்கு 1/3 மார்க்கும், 2 மார்க் கேள்விக்கு 2/3 மார்க்கும் கழிப்பார்கள். மற்ற இரண்டிலும் கழிப்பது கிடையாது. ஆனால் எம்எஸ்க்யூவில் சரியான எல்லாவற்றையும், சரியானதை மட்டும், தேர்ந்தெடுத்தால்தான் மார்க். பாதி மார்க் என்ற பேச்சே இல்லை.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு மூன்றாவது செமஸ்டரில் லாஜிக், எண்ணுதல், கிராஃப், ஆல்ஜீப்ரா அமைப்புகள், லாட்டிஸ் என்று ஐந்து யூனிட்டாக இது வந்திருக்கும். ஆனால் அங்கே எழுதிய தேர்வு வேறு மாதிரி. "நிரூபி" என்பார்கள், மனப்பாடம் செய்த நிரூபணத்தைப் பாதி எழுதினாலும் படிகளுக்கு மார்க் உண்டு. கேட்டில் படிகளை யாரும் பார்ப்பதில்லை, கடைசியில் வரும் எண் மட்டும்தான். அதனால்தான் இரண்டாவது வழியில் சரிபார்க்கும் பழக்கம் இவ்வளவு முக்கியம்: நாட் கேள்வியில் உங்கள் விடை தவறு என்று சொல்ல அங்கே ஆப்ஷன்கூட இருக்காது.

தொடங்கும் முன் வேண்டியவை

பழைய கேட் கேள்வித்தாள்கள் தேர்வை நடத்தும் ஐஐடிகளின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். பாடம் கேட்க ஐஐடிகளின் இலவச வீடியோப் பாடத் தளமான என்பிடெல் இருக்கிறது. கையில் ஏற்கெனவே இருக்கும் கல்லூரிப் புத்தகம் ஒன்று போதும். நான்கு புத்தகம் வாங்கி அடுக்குவதால் எதுவும் ஆகாது. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் படித்தவர்கள் 11, 12-ஆம் வகுப்புக் கணிதப் புத்தகங்களைத் தூசி தட்டி எடுங்கள். கணங்கள், தொடர்புகள், சேர்வியல், கணிதத் தொகுத்தறிதல் எல்லாம் 11-இல் இருக்கின்றன, 12-இல் தனிநிலைக் கணிதம் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது, அதில் ட்ரூத் டேபிளும் (ஒரு கூற்று எப்போது உண்மை, எப்போது பொய் என்று காட்டும் அட்டவணை) ஈருறுப்புச் செயலிகளும் வருகின்றன. அந்தப் பயிற்சிகளை முதல் வாரத்தில் ஓட்டிவிட்டால் அடித்தளம் திரும்ப வந்துவிடும்.

இரண்டு நோட்டு வேண்டும். ஒன்று கணக்குப் போட, ஒன்று தவறுகளை எழுத. தவறு நோட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

வரிசை: லாஜிக், கணங்களும் ரிலேஷனும், எண்ணுதல், ரெக்கரன்ஸ், கிராஃப், கடைசியில் குரூப்பும் லாட்டிஸும். எண்ணுதலுக்கும் கிராஃபுக்கும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். அவற்றில்தான் சூத்திரம் தெரிந்தும் விடை தவறும்.

ஒரே ஒரு கணக்கை எப்படிப் போடுவது

ஆப்ஷன் இருந்தால் கையால் மூடிவிடுங்கள். கேள்வியைப் படித்துவிட்டு, என்ன கேட்கிறார்கள் என்பதைத் தமிழில் ஒரு வரியாக எழுதுங்கள்: எதை எண்ணுகிறோம், வரிசை முக்கியமா, ஒன்றுபோல இருப்பவையா வேறுவேறா, காலியாக இருக்கலாமா. இந்த ஒரு வரி எழுதத் தெரிந்துவிட்டாலே பாதிக் கணக்கு முடிந்த மாதிரி.

அடுத்து எண்ணைச் சுருக்குங்கள். 10 என்று கொடுத்திருந்தால் 2, 3, 4-க்குக் கையால் எழுதி எண்ணுங்கள். அதற்குப் பிறகுதான் முழுக்கணக்கு. விடை வந்ததும் இரண்டாவது வழி. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் சந்தோஷப்படுங்கள், கற்றுக்கொள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

எவ்வளவு முயன்றும் வரவில்லையா? இருபது நிமிடமாவது மல்லுக்கட்டுங்கள். அப்புறம் விடைப்பகுதியைத் திறந்து முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். அதிலிருந்து தொடர முடிகிறதா என்று பாருங்கள். முழுவதும் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றாலும் பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலையில் அதே கணக்கை எதையும் பார்க்காமல் முதலிலிருந்து போட்டால்தான் அது உங்கள் கணக்கு.

இதைச் செய்தால் ஒரு நாளைக்கு நான்கைந்து கணக்குதான் போட முடியும். போதும். விடையைப் பார்த்துப் பார்த்து ஓட்டும் நாற்பது கணக்கைவிட இந்த நான்கு மேல்.

எண்ணுதல்: அதிக நேரம் இங்கே

ஓர் எடுத்துக்காட்டு. 10 ஒரே மாதிரிப் பந்துகளை 3 வெவ்வேறு பெட்டிகளில் போட வேண்டும், எந்தப் பெட்டியிலும் 5-க்கு மேல் கூடாது. எத்தனை வழி?

முதலில் கட்டுப்பாடு இல்லாமல்: 10 பந்து, பெட்டிகளைப் பிரிக்க 2 தடுப்பு, மொத்தம் 12 இடத்தில் தடுப்புக்கு 2 இடம். 12சி2 = 66. இதிலிருந்து தவறானவற்றைக் கழிக்க வேண்டும். முதல் பெட்டியில் 6 அல்லது அதற்கு மேல் என்றால், 6-ஐ முன்கூட்டியே போட்டுவிட்டு மீதி 4-ஐ மூன்று பெட்டிக்கும் பிரிக்கிறோம்: 6சி2 = 15. மூன்று பெட்டிக்கும் சேர்த்து 45. இரண்டு பெட்டியில் ஒரே நேரத்தில் 6 வர 12 பந்து வேண்டும், நம்மிடம் இல்லை. ஆக 66 − 45 = 21.

இப்போது இரண்டாவது வழி. ஒவ்வொரு பெட்டியிலும் 5 இடம் இருக்கிறது, மொத்தம் 15 இடம், 10 நிரம்பினால் 5 காலி. பந்தை எண்ணுவதற்குப் பதில் காலியிடத்தை எண்ணுங்கள்: 5 காலியிடத்தை மூன்று பெட்டிக்குப் பிரிக்க வேண்டும், மொத்தமே 5 என்பதால் எந்தப் பெட்டியும் 5-ஐத் தாண்டாது, கட்டுப்பாடு தானாகவே போய்விட்டது. 7சி2 = 21. ஒத்துப்போகிறது. இந்த மாதிரி ஒரு கணக்கைப் போட்ட பிறகு "அதிகபட்சம் இவ்வளவு" என்று வரும் எந்தக் கேள்வியைப் பார்த்தாலும் காலியிடத்தை எண்ணலாமா என்று மனசு தானாகக் கேட்கும். சூத்திரப் பட்டியலை மனப்பாடம் செய்து இது வராது.

இன்னொன்று, எல்லோரும் விழும் குழி. 5 ஆண்கள், 4 பெண்கள். 3 பேர் கொண்ட குழுவில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். பலர் இப்படிப் போடுவார்கள்: முதலில் ஒரு பெண்ணை 4 வழியில் எடுக்கிறேன், மீதி 8 பேரில் 2 பேரை 8சி2 = 28 வழியில் எடுக்கிறேன், 4 × 28 = 112. பார்க்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 9 பேரில் 3 பேரை எடுக்கும் மொத்த வழியே 9சி3 = 84 தான்! மொத்தத்தைவிடப் பகுதி பெரிதாக இருக்க முடியாது. இரண்டு பெண்கள் உள்ள குழுவை, எந்தப் பெண்ணை முதலில் எடுத்தோம் என்பதை வைத்து இரண்டு முறை எண்ணிவிட்டோம், மூன்று பெண்கள் உள்ள குழுவை மூன்று முறை. சரியான விடை 84 − 5சி3 = 84 − 10 = 74. எந்த எண்ணும் கணக்கிலும் விடை வந்தவுடன் "கட்டுப்பாடே இல்லாவிட்டால் எத்தனை?" என்று கேட்டுப் பார்ப்பதற்குப் பத்து வினாடி போதும்.

இதே பகுதியில் ஆன்டு சார்புகளின் (இலக்குக் கணத்தில் எந்த உறுப்பும் விடுபடாத சார்புகள்) எண்ணிக்கையையும், யாருடைய தொப்பியும் அவரிடமே திரும்பாத டிரேஞ்ச்மென்ட் கணக்கையும் ஒருமுறையாவது சேர்த்தல்–விலக்கல் முறையில் (தவறானவற்றைக் கழித்து, அதிகமாகக் கழித்ததைத் திரும்பக் கூட்டுவது) முழுவதும் போட்டுப் பாருங்கள். 4 உறுப்புகளிலிருந்து 3 உறுப்புகளுக்கு ஆன்டு சார்புகள் 81 − 48 + 3 = 36. இன்னொரு வழி: 4 பேரைக் காலியில்லாத 3 குழுவாக்க 6 வழி, குழுக்களுக்குப் பெயர் வைக்க 3! = 6 வழி, 36.

ரெக்கரன்ஸ்: கடைசி எழுத்தைப் பாருங்கள்

அடுத்தடுத்து இரண்டு 1 வராத பைனரி ஸ்ட்ரிங்குகள், நீளம் 10. நேராகப் பாயாதீர்கள். நீளம் 1: 0, 1 என்று 2. நீளம் 2: 00, 01, 10 என்று 3. நீளம் 3-ஐக் கையால் எழுதுங்கள், 5 வரும். ஏன் 2-உம் 3-உம் சேர்ந்து 5 ஆகிறது? கடைசி எழுத்து 0 என்றால் அதற்கு முன் எந்த நல்ல ஸ்ட்ரிங்கும் வரலாம். கடைசி 1 என்றால் அதற்கு முன் கட்டாயம் 0, அதற்கும் முன்தான் எதுவும் வரலாம். ஆகவே ஒவ்வொன்றும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை: 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89, 144. விடை 144.

நீளம் 5-இல் வேறு வழியில் சரிபாருங்கள். 1 ஒன்றுமில்லை: 1 வழி. ஒரே ஒரு 1: 5 வழி. இரண்டு 1 தள்ளித் தள்ளி: 4சி2 = 6. மூன்று 1: 10101 மட்டும், 1. கூட்டினால் 13. சரி.

ரெக்கரன்ஸை அமைப்பதுதான் கடினம், தீர்ப்பது வழக்கமான வேலை. முந்தையதன் 5 மடங்கிலிருந்து அதற்கு முந்தையதன் 6 மடங்கைக் கழிப்பது என்று வந்தால் அதற்குரிய x² = 5x − 6 சமன்பாட்டின் மூலங்கள் 2, 3. தொடக்கம் 0, 1 என்றால் பொது உறுப்பு 3-இன் அடுக்கு கழித்தல் 2-இன் அடுக்கு. 0, 1, 5, 19, 65 என்று நான்கைந்து உறுப்புகளை ரெக்கரன்ஸிலிருந்தும் சூத்திரத்திலிருந்தும் எழுதி ஒப்பிட்டுவிட்டால் கவலை இல்லை.

லாஜிக்: தவறாக்கிப் பாருங்கள்

மூன்று கூற்றுகள் வந்தால் 8 வரி ட்ரூத் டேபிள் போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். → 'என்றால்', ∧ 'மற்றும்', ∨ 'அல்லது', ¬ 'இல்லை' என்று படியுங்கள். ((க → ச) ∧ (ச → த)) → (க → த) என்பது எப்போதும் உண்மையா? பொய்யாக்க முயலுங்கள். முழுதும் பொய்யாக, இடப்பக்கம் உண்மையாகவும் க → த பொய்யாகவும் இருக்க வேண்டும். ஆகவே க உண்மை, த பொய். ச → த உண்மையாக வேண்டுமானால் ச பொய். ஆனால் க உண்மை, ச பொய் என்றால் க → ச பொய்யாகிவிட்டது. பொய்யாக்க முடியவில்லை, ஆகவே எப்போதும் உண்மை. இரண்டு வரி வேலை.

கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்வழியில் படித்தவர்கள் நிபந்தனை வாக்கியங்களில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். எளிய வழி, உடனே தமிழில் சொல்லிப் பாருங்கள். "மழை பெய்தால் வருவேன்" என்பது மழை → வருவேன். "மழை பெய்தால்தான் வருவேன்" என்பது வருவேன் → மழை. 'ஒன்லி இஃப்' என்று கேள்வியில் வந்தால் இது. 'அன்லெஸ்' என்று வந்தால் "மழை பெய்யாவிட்டால் வருவேன்", அதாவது ¬மழை → வருவேன்.

அளவீட்டுக் குறிகளில் (∀ 'எல்லாவற்றுக்கும்', ∃ 'ஒன்றாவது உண்டு') ஒரு விதியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்: ∀ வந்தால் பெரும்பாலும் உள்ளே →, ∃ வந்தால் பெரும்பாலும் உள்ளே ∧. "வகுப்பில் இருக்கும் எல்லோருக்கும் தமிழ் தெரியும்" என்பதை ∧ போட்டு எழுதினால், உலகத்தில் எல்லோரும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள், எல்லோருக்கும் தமிழும் தெரியும் என்று ஆகிவிடும். மாறாக "வகுப்பில் ஒருவருக்குத் தமிழ் தெரியும்" என்பதை → போட்டு எழுதினால், வகுப்புக்கு வெளியே ஒரே ஒரு ஆள் இருந்தாலே அது உண்மையாகிவிடும். இதை வைத்துத் திரும்பத் திரும்பக் கேள்வி வருகிறது.

ஒரு வாக்கியத்திலிருந்து இன்னொன்று வருமா என்று கேட்டால் எதிர் உதாரணம் தேடுங்கள், சின்ன உலகத்தில். உலகத்தில் 1, 2 என்று இரண்டே பேர் போதும். "ஒவ்வொன்றும் ஒற்றையாகவோ இரட்டையாகவோ இருக்கிறது" என்பது உண்மை; "எல்லாமே ஒற்றை, அல்லது எல்லாமே இரட்டை" என்பது பொய். ஆகவே ∀-வை ∨-க்குள் பிரித்துக் கொடுக்க முடியாது. குறிகளின் வரிசையும் அப்படியே: ஒரே ஓட்டுநர் எல்லாப் பேருந்தையும் ஓட்டுகிறார் என்றால் ஒவ்வொரு பேருந்துக்கும் ஓட்டுநர் இருக்கிறார் என்பது தானாக வரும், திருப்பிப் போட்டால் வராது.

ரிலேஷன்: ஒரு கட்டம் வரைந்தால் போதும்

3 உறுப்புள்ள கணத்துக்கு 3 × 3 கட்டம் வரையுங்கள். ஓர் உறுப்பு இன்னொன்றோடு தொடர்புள்ளது என்றால் அதற்குரிய கட்டத்தை நிரப்புங்கள். மூலைவிட்டத்தில் 3 கட்டம், மீதி 6 கட்டம், அவை எதிரெதிராக 3 ஜோடி. இந்தப் படத்திலிருந்தே எல்லா எண்ணும் வந்துவிடும். மொத்த ரிலேஷன் 2⁹ = 512. ரிஃப்ளெக்சிவ் (ஒவ்வொன்றும் தன்னோடு தொடர்புள்ளது) என்றால் மூலைவிட்டம் நிரம்பியாகிவிட்டது, மீதி 6 கட்டம் நம் இஷ்டம், 2⁶ = 64. சிமெட்ரிக் (அ–ஆ இருந்தால் ஆ–அ-வும் இருக்கும்) என்றால் ஜோடிக்கு ஒரு முடிவு, 2³ × 2³ = 64. ஆன்டிசிமெட்ரிக் என்றால் ஜோடிக்கு மூன்று வாய்ப்பு (இரண்டும் காலி, இது மட்டும், அது மட்டும்), 2³ × 3³ = 216. இரண்டும் சேர்ந்திருப்பவை? மூலைவிட்டத்தின் உட்கணங்கள் மட்டும், 8. அதாவது ஒரு ரிலேஷன் சிமெட்ரிக்காகவும் ஆன்டிசிமெட்ரிக்காகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம், ஒன்று இன்னொன்றின் மறுப்பு கிடையாது. எம்எஸ்க்யூவில் இதைத்தான் நுழைப்பார்கள். காலி ரிலேஷனையும் மறக்காதீர்கள்: காலியில்லாத கணத்தின் மீது அது சிமெட்ரிக், ஆன்டிசிமெட்ரிக், டிரான்சிடிவ் (அ–ஆ, ஆ–இ இருந்தால் அ–இ-யும் இருக்கும்), ஆனால் ரிஃப்ளெக்சிவ் இல்லை.

ஈக்விவலன்ஸ் ரிலேஷனை (ரிஃப்ளெக்சிவ், சிமெட்ரிக், டிரான்சிடிவ் மூன்றும் சேர்ந்தது) எண்ண கட்டத்தை விட்டுவிட்டுக் குழுக்களாகப் பிரிப்பதை எண்ணுங்கள். 4 பேர் என்றால்: நால்வரும் ஒன்றாக 1, மூவர்–ஒருவர் 4, இருவர்–இருவர் 3, இருவர்–ஒருவர்–ஒருவர் 6, எல்லோரும் தனித்தனி 1. மொத்தம் 15.

கிராஃப்: சின்னப் படங்களின் கையிருப்பு

கிராஃப் என்றால் முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்; ஒரு முனையில் சேரும் கோடுகளின் எண்ணிக்கை அதன் டிகிரி. கிராஃபுக்குத் தேற்றங்களைவிட எடுத்துக்காட்டுகள்தான் கைகொடுக்கும். ஒரு பக்கத்தில் இவற்றை வரைந்து ஒட்டிவையுங்கள்: நான்கு முனையும் ஒன்றோடொன்று சேர்ந்தது, ஐந்து முனைச் சுழற்சி, மூன்றுக்கு மூன்று இருபக்க கிராஃப், ஒரு நட்சத்திர மரம், தனித்தனியாக இரண்டு முக்கோணம், ஒரு முனையைப் பகிரும் இரண்டு முக்கோணம், பீட்டர்சன் கிராஃப். எம்எஸ்க்யூவில் ஒரு கூற்று வந்தால் இந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். "எல்லா முனையின் டிகிரியும் 2 என்றால் முழுவதும் ஒரே சுழற்சி": தனித்தனி முக்கோணங்கள் அதை உடைத்துவிடும். "ஆய்லர் சுற்று இருந்தால் ஹாமில்டன் சுழற்சியும் இருக்கும்": முனையைப் பகிரும் முக்கோணங்களில் டிகிரி 2, 2, 2, 2, 4, ஆய்லர் சுற்று (எல்லாக் கோட்டையும் ஒரே ஒருமுறை கடந்து திரும்புவது) இருக்கிறது, ஹாமில்டன் சுழற்சி (எல்லா முனையையும் ஒரே ஒருமுறை தொட்டுத் திரும்புவது) இல்லை.

டிகிரி வரிசைக் கேள்விகளில் 4, 4, 3, 2, 1 என்ற வரிசைக்கு ஒரு எளிய கிராஃப் (இரு முனைகளுக்கு நடுவே ஒரு கோட்டுக்கு மேல் இல்லாத, எந்த முனையும் தன்னோடே இணையாத கிராஃப்) உண்டா என்று கேட்டால், கூட்டுத்தொகை 14, இரட்டைப்படை, ஆகவே உண்டு என்று சொல்லிவிடாதீர்கள். கூட்டுத்தொகை இரட்டைப்படையாக இருப்பது தேவை, ஆனால் அது மட்டும் போதாது. ஐந்து முனையில் டிகிரி 4 என்றால் மற்ற எல்லா முனையோடும் சேர்ந்திருக்கிறது. அப்படி இரண்டு முனை இருப்பதால் ஒவ்வொரு முனைக்கும் குறைந்தது 2 டிகிரி வந்துவிடும். 1 எங்கிருந்து வரும்? ஆகவே கிடையாது. ஹாவல்–ஹகிமி முறையில் (பெரிய டிகிரியை நீக்கி, அடுத்த அத்தனை எண்களிலும் 1 கழித்துக்கொண்டே போவது) போட்டும் பாருங்கள், மைனஸில் போய் நிற்கும்.

10 முனை உள்ள எளிய கிராஃப் துண்டாகவே இருக்க, அதிகபட்சம் எத்தனை கோடு? 4 முனையில் தொடங்குங்கள்: 1 + 3 என்று பிரித்தால் 3 கோடு, 2 + 2 என்றால் 2 கோடு. சமமில்லாமல் பிரிப்பதுதான் லாபம். 10-க்கு 5 + 5 என்றால் 20, 2 + 8 என்றால் 29, 1 + 9 என்றால் 36. விடை 36, ஆகவே 37 கோடு இருந்தால் கிராஃப் கட்டாயம் இணைந்திருக்கும். இதையே மாற்றிக் கேட்பார்கள், இரண்டு பக்கமும் பழகிக்கொள்ளுங்கள்.

குரூப், லாட்டிஸ்: குறைவாக, ஆனால் விடாமல்

இங்கே ஆழமாகப் போக வேண்டியதில்லை. கேட்பவை அநேகமாக வரையறையைச் சரிபார்ப்பவை. அ * ஆ = அ + ஆ − அஆ என்ற செயலியை மெய்யெண்களில் எடுத்துக்கொள்ளுங்கள். சமனி 0. எதிர்மறை அ/(அ − 1), ஆகவே 1-க்கு மட்டும் இல்லை. மெய்யெண்கள் எல்லாவற்றையும் எடுத்தால் இது மோனாய்டு (சேர்ப்புப் பண்பும் சமனியும் உண்டு). 1-ஐ எடுத்துவிட்டால் குரூப் (எல்லாவற்றுக்கும் எதிர்மறையும் உண்டு). எடுத்த பிறகும் அடைவுப் பண்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: 1 − (அ * ஆ) = (1 − அ)(1 − ஆ), ஆகவே இரண்டுமே 1 இல்லை என்றால் விடையும் 1 ஆகாது. லக்ராஞ்ச் தேற்றம் (உட்குரூப்பின் அளவு குரூப்பின் அளவை வகுக்கும்), சைக்ளிக் குரூப்பின் ஜெனரேட்டர் (முழு குரூப்பையும் தனியாக உருவாக்கும் உறுப்பு) எண்ணிக்கை (12 உறுப்புக்கு 1, 5, 7, 11 என்று நான்கு) இவ்வளவு தெரிந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

லாட்டிஸுக்கு 12-இன் வகுத்திகளையும் 30-இன் வகுத்திகளையும் ஹாசே படமாக (எது எதை வகுக்கிறது என்பதைக் கீழிருந்து மேலாகக் கோட்டால் காட்டும் படம்) வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 30-இல் ஒவ்வொன்றுக்கும் நிரப்பி (அதனோடு மீப்பெரு பொது வகுத்தி 1, மீச்சிறு பொது மடங்கு 30 ஆகும் வகுத்தி) உண்டு. 12-இல் 2-க்கு இல்லை: 2-உடன் மீப்பெரு பொது வகுத்தி 1 ஆக இருப்பவை 1, 3 மட்டும், 3-உடன் மீச்சிறு பொது மடங்கு 6-தான் வருகிறது, 12 வரவில்லை. இந்த இரண்டு படமும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்.

தவறு நோட்டு

இதில் விடையை எழுதாதீர்கள், காரணத்தை எழுதுங்கள். கேள்வியைத் தப்பாகப் படித்தேன்; ஒன்றை இரண்டு முறை எண்ணினேன்; காலிக் கணம், பூஜ்ஜியம், தனித்து நிற்கும் முனை இவற்றை மறந்தேன்; சூத்திரத்தின் நிபந்தனையைப் பார்க்கவில்லை; வெறும் கூட்டல் பிழை. இப்படி ஐந்தாறு தலைப்புக்குள் எல்லாம் அடங்கிவிடும். மாதக் கடைசியில் எந்தத் தலைப்பில் அதிகம் என்று பார்த்தால் அடுத்த மாதம் எதைப் பழக வேண்டும் என்று தெரிந்துவிடும். கூட்டல் பிழைதான் அதிகம் என்றால் புதிய பாடம் படித்துப் பயனில்லை, எழுத்தை வரிசையாக எழுதப் பழகுங்கள்.

தவறிய கணக்குகளை மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று திரும்பப் போடுங்கள். விடை நினைவில் இருந்தால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்: 10 பந்தை 11 ஆக்குங்கள், 3 பெட்டியை 4 ஆக்குங்கள்.

பழைய தாள்கள், கடிகாரம்

பழைய கேள்விகளை முதலில் பாடவாரியாகப் போடுங்கள், நேரம் பார்க்காமல். ஆனால் கடைசி மூன்று நான்கு வருடத் தாள்களைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். அவற்றை டிசம்பர், ஜனவரியில் முழுத்தாளாக, 3 மணி நேரம் உட்கார்ந்து, கணினித் திரையில் எழுத வேண்டும். தேர்வு பிப்ரவரியில் வரும். திரையில் கேள்வி, தாளில் கணக்கு என்று கண்ணை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது எண்ணைத் தப்பாக இறக்குவது சகஜம், அதற்கும் பழக்கம் வேண்டும். கால்குலேட்டரும் திரையில்தான், மவுஸால் அழுத்த வேண்டும், ஆகவே 12சி2 மாதிரிச் சின்னவற்றைக் கையாலேயே போட்டுவிடுங்கள்.

நேரம்: 180 நிமிடத்தில் 65 கேள்வி என்றால் சராசரி 3 நிமிடத்துக்கும் குறைவு. எண்ணும் கணக்கு 4 நிமிடத்தில் வழிக்கு வரவில்லை என்றால் குறித்துவைத்துவிட்டு நகருங்கள். நாட் கேள்வியைக் காலியாக விடாதீர்கள், கழிக்க மாட்டார்கள், சின்ன எண்ணில் பார்த்த முறையை நீட்டி வந்த ஊகத்தையாவது போடுங்கள். எம்சிக்யூவில் எதுவுமே தெரியாமல் குத்தினால் 1 மார்க் கேள்வியில் எதிர்பார்ப்பு 1/4 − (3/4 × 1/3) = 0, லாபமும் இல்லை நட்டமும் இல்லை. ஒரே ஒரு ஆப்ஷனை உறுதியாகத் தள்ளிவிட்டால் 1/3 − (2/3 × 1/3) = 1/9, லாபப் பக்கம் வந்துவிட்டது. ஆகவே தள்ளத் தெரிந்தால் போடுங்கள். மொத்தத்தைவிடப் பெரிய எண், சின்ன உதாரணத்தில் உடையும் சூத்திரம் இவற்றைத் தள்ளுவதற்குத்தான் இத்தனை பழக்கமும்.

சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதக் கழகத்தின் எம்எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் நுழைவுத் தேர்வையும் எழுத நினைப்பவர்கள், இதே கணக்குகளை இன்னொரு படி கூட்டிப் போடுங்கள். அங்கே காரணம் எழுதிக் காட்டும் கேள்விகளும் வரும். மேலே 4, 4, 3, 2, 1 வரிசைக்குச் சொன்னதுபோல "ஏன் முடியாது" என்பதை நான்கு வரியில், படிக்கிறவருக்குச் சந்தேகம் வராதபடி எழுதிப் பார்த்து, நண்பரிடம் கொடுத்து ஓட்டை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பழைய தாள்கள் அவர்கள் தளத்திலேயே இருக்கின்றன, கேட்டுக்கு மட்டும் எழுதுபவர்களும் கிராஃப், எண்ணுதல் கேள்விகளை அங்கிருந்து எடுத்துப் போடலாம்.